"ஒரு ஊசி போட்டு உடுங்க டாக்டரம்மா!"

இந்த வாரம் மறுபடியும் ஒரு 'செட் மாத்திரை' கேஸ். பாலக்கோடு பக்கத்துக் கிராமம், ஐம்பதை ஒட்டிய வயது, தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. முட்டி நோவுக்காக மெடிக்கலில் காகிதக் கவரில் போட்டுத் தரும் மாத்திரைகளைப் பல மாதமாக விழுங்கி வந்திருக்கிறார். முகம் உப்பி உருண்டுவிட்டது, கை கால் மெலிந்துவிட்டது, லேசாக இடித்துக்கொண்டாலே முழங்கையில் ரத்தம் கட்டுகிறது. முன்பு இல்லாத சர்க்கரை வந்திருக்கிறது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. இவ்வளவுக்கும் அவர் என்னிடம் வந்தது வேறு காரணத்துக்காக: "இப்ப அந்த மாத்திரை சரியா கேக்க மாட்டேங்குது, ஒரு ஊசி போட்டு உடுங்க."

கவரை மேசையில் கொட்டிப் பார்த்தேன். அட்டையில் பெயர் அச்சிட்ட பக்கம் கவனமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. பெயர் தெரியாவிட்டாலும் உடம்பைப் பார்த்தால் தெரிகிறதே, அதில் ஒன்று ஸ்டீராய்டு. இன்னொன்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. கூடவே ஒரு கேஸ் மாத்திரை, ஒரு சத்து மாத்திரை. டீ குடிக்கிற காசுக்கு ஒரு வேளை செட்டு கிடைக்கும்போது, அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வராது. அது எனக்குப் புரிகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்தைக் கத்தரித்துக் கொடுப்பவரைத்தான் புரியவில்லை.

சரி, எனக்கு அதிக எரிச்சல் தரும் நம்பிக்கைக்கு வருகிறேன். "மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும். ஊசின்னா வயித்துக்குப் போகாது, நேரா நோவுற இடத்துக்குப் போயிடும்." படிக்காதவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. ஓசூர் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் மகன்களும் அம்மாவைக் கூட்டிவந்து இதையேதான் சொல்கிறார்கள்.

இடுப்பில் போட்ட ஊசி முட்டிக்கு வழி கேட்டுக்கொண்டு போவதில்லை. தசையில் இறங்கிய மருந்து ரத்தத்தில் கலக்கிறது, ரத்தம் உடம்பு முழுக்கப் போகிறது. புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் நம் உடம்பில் சுரக்கிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அதுதான். இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதுதான். சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாய் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதேதான். டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் அந்தப் பொருளின் உற்பத்தியைக் குறைக்கின்றன. மருந்து வாய் வழியாகப் போனாலும் ஊசி வழியாகப் போனாலும் முட்டியில் மட்டும் குறைத்துவிட்டு மற்ற இடங்களை விட்டுவைக்காது. ஊசி மட்டுமே போட்டுக்கொண்டு இரைப்பையில் புண் வந்து, கறுப்பாக மலம் போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேஸ் மாத்திரை சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. சிறுநீரகத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஊசி கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்யும், அவ்வளவுதான். மறுநாள் அதே வலி திரும்பி வரும்.

ஒரு செய்தியை இங்கே சொல்லத் தோன்றுகிறது. நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கிட்டத்தட்ட அழிந்துபோனதற்கு முக்கியக் காரணம் இதே டைக்ளோஃபெனாக்தான். ஊசி போட்ட மாடு செத்து, அந்த இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கொத்துக் கொத்தாக விழுந்தன. அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்விடக் கூடாது என்று 2015-இல் ஒரு டோஸ் குப்பி மட்டுமே விற்கலாம் என்றார்கள். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையது போல அவ்வளவு சீக்கிரம் விழாது என்பது உண்மை. ஆனால் பிரஷருக்கு எனலாப்ரிலோ டெல்மிசார்டானோ சாப்பிடுகிறவர், கூடவே நீர் மாத்திரையும் எடுக்கிறவர், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் களை எடுத்துவிட்டு வந்து வலி மாத்திரை போட்டால் விழும். பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டால், "வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். மெடிக்கல் செட்டை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஸ்டீராய்டு சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல வாரம், பல மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. கவரோடு வாருங்கள், படிப்படியாகக் குறைப்போம். நான் திட்ட மாட்டேன். திட்டினாலும் கொஞ்சம்தான்.

அப்புறம் ஸ்கேன். "டிஸ்க் விலகிடுச்சாம், எலும்பு தேஞ்சிடுச்சாம், குனியவே கூடாதாம்" என்று பெரிய கவரைத் தூக்கிக்கொண்டு சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு 2015-இல் வெளியானது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) தேய்மானம் இருந்தது. 50 வயதில் அது 80 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு! தலைமுடி நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் நரைக்கிறது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து படுத்தவர்கள்தான் உண்மையில் நோயாளி ஆகிறார்கள். பத்து நாள் படுக்கையில் கிடந்தால் தசை மெலியும், தசை மெலிந்தால் வலி கூடும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலிக்கு முதல் மருந்து அசைவுதான். 2024-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகு வலி வந்து சரியானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லிக் கொடுத்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் வரை நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். செலவு ஒரு ஜோடி செருப்பு.

"காலையிலிருந்து காட்டுல நிக்கறேன், இதுக்கு மேல நடக்கணுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காட்டு வேலை உடம்பின் சில பகுதிகளை மட்டும் நாள் முழுக்க ஒரே மாதிரி இழுக்கிறது, தொடையின் முன்தசையை முட்டிக்கு வேண்டிய அளவு வலுவாக்குவதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்து இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். வாரக்கணக்கில் செய்ய வேண்டும், மூன்றாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று வரக்கூடாது. செய்யும்போது கொஞ்சம் நோவும், பரவாயில்லை. மறுநாளும் நோவு குறையாமல் இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். களை எடுக்கும்போது குந்தியே இருக்காமல் சின்ன மணைப் பலகை போட்டு உட்காருங்கள். தக்காளி கிரேட்டை வழிய வழிய நிரப்பி ஒரே ஆள் தூக்க வேண்டாம். முட்டிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லை மேலே தடவுவது நல்ல முதல் தேர்வு. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்.

சிலருக்கு இரவில் அமிட்ரிப்டிலின் சின்ன அளவில் எழுதுகிறேன். நரம்பு வலிக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்து. "இது மெண்டலுக்குக் குடுக்கற மாத்திரையாச்சே" என்று கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள், மறுநாள் அந்தக் குடும்பமே கோபமாக வந்து நிற்கும். கடைக்காரத் தம்பிகளே, சந்தேகம் இருந்தால் சீட்டில் என் நம்பர் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பும் தசைநார்களும் இறுகும். முதுகு பலகையாகும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகும் "போர் தண்ணிதான் ருசி" என்கிறவர்களை என்ன செய்வது? "காய்ச்சித்தானே குடிக்கறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். வீட்டிலேயே பாருங்கள்: முட்டி மடக்காமல் தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா? தாடையால் நெஞ்சைத் தொட முடிகிறதா? கையைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்தலையைத் தொட முடிகிறதா? மூன்றும் இறுக்கமாக இருந்து, பல்லிலும் பழுப்புக் கறை இருந்தால் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். இறுகிய எலும்பு பழையபடி ஆகாது, மேலும் இறுகாமல் தடுக்கலாம். ராகிக் களியை விட்டுவிடாதீர்கள், 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

உடனே வரவேண்டியவர்கள் யார்? முதுகு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால், உட்காரும் இடம் மரத்துப்போனால், காலில் பலம் குறைந்துகொண்டே போனால் அன்றைக்கே தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி வந்தால் தள்ளிப்போட வேண்டாம். காலையில் எழுந்ததும் கைவிரல் மூட்டுகள் வீங்கி அரை மணி, ஒரு மணி நேரம் மடங்கவே மறுத்தால் அது தேய்மானம் அல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து இருக்கிறது, தாமதித்தால் விரல் கோணிவிடும். இவர்களுக்கு நடைப்பயிற்சிப் பேச்செல்லாம் அப்புறம்.

ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். அந்தத் திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள். இயன்முறை மருத்துவர் வரும் நாளில் வீட்டில் கிடக்கும் எல்லா மாத்திரைக் கவர்களையும், பாதி கத்தரித்த அட்டைகளையும் சேர்த்தே எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.