தோணிகளைக் கணக்கெடுத்த பிள்ளைகள்

ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒக்டோபர் மாத முற்பகுதியில், மட்டக்களப்பின் எழுவான்கரையில் நான் கடமையாற்றும் ஒரு கரையோரக் கிராமத்தின் முன்பள்ளி விறாந்தையில் ஒரு கூட்டம் நடைபெறும். கூட்டத்தை நடத்துபவர்களில் எவருக்கும் 25 வயது ஆகியிருக்காது. எதிரே பாயில் அமர்ந்திருப்பவர்கள் 14 முதல் 17 வயது வரையான மாணவர்கள். சமூக சேவையை முன்னின்று நடத்தும் பழக்கத்தைப் பதின்ம வயதினருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக இளைஞர்கள் தாங்களே தொடங்கி, தாங்களே நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் கூட்டம் அது. பொது சுகாதாரப் பரிசோதகரான நான் அங்கே ஓர் ஓரக் கதிரையில் அமர்ந்திருப்பேன்.

முதல் மழைக்காலத்தில் நான் அப்படி அமரவில்லை. எந்த வீதியில் சிரமதானம், எத்தனை மணிக்கு, பதாகையில் என்ன வாசகம் என்பதையெல்லாம் நானே தீர்மானித்தேன். பிள்ளைகள் வந்தார்கள், வடிகானைத் துப்புரவாக்கினார்கள், படம் எடுத்தோம், சிற்றுண்டிப் பொதி கொடுத்து அனுப்பினோம். அந்த மாதம் முடிவதற்குள் அதே வீதியிலிருந்து டெங்கு நோயாளர்கள் வைத்தியசாலைக்குச் சென்றார்கள். ஈடிஸ் நுளம்பு வடிகானின் அழுக்கு நீரைவிட, வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சிரட்டையிலும் டயரிலும் கூரைப் பீலியிலும் தேங்கும் தெளிந்த நீரையே நாடும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. அது தெரிந்திருந்தும், பலர் கூடி நின்று செய்ய வசதியான வேலை என்பதற்காக வடிகானைத் தெரிவு செய்தேன். பிள்ளைகளில் ஒருவரிடமேனும் நான் கருத்துக் கேட்கவில்லை.

சிறுவரைப் பாதிக்கும் விடயங்களில் அவர்களின் கருத்துக்கு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்று, இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1992இல் விளக்கிய ரொஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர், பிள்ளைகளைப் பெரியோரின் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குப் பேசவிடுவது ஆகிய கீழ் மூன்று படிகளையும் பங்கேற்பாகவே ஏற்கவில்லை. என் முதல் ஆண்டு வேலை அந்த இரண்டாம் படியில் நின்றது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரத்துக்கு வந்து, பதாகை கட்டி, வரவுத்தாளில் கையொப்பம் வாங்கி, காலம் முடிந்ததும் போய்விட்ட எத்தனையோ திட்டங்களும் அங்கேதான் நின்றன என்பது என் கணிப்பு.

அடுத்த ஆண்டு, அமைப்பின் இணைப்பாளரான பல்கலைக்கழக மாணவி என்னிடம் வந்தார். “சேர், இந்த முறை எங்க தேடுறதெண்டு பிள்ளைகளே சொல்லட்டும். குடம்பிய எப்படிக் கண்டுபிடிக்கிறதெண்டு மட்டும் நீங்க காட்டுங்க” என்றார். காட்டினேன். தேங்கிய நீரை வெள்ளைக் கிண்ணத்தில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்து, மேலே கையின் நிழல் விழச் செய்தால், நுளம்பின் புழுப் பருவமான குடம்பிகள் நெளிந்துகொண்டு அடிக்கு இறங்கும். அதைப் பார்த்த பிறகு பிள்ளைகள் தங்கள் ஒழுங்கைகளைத் தாளில் வரைந்து, நீர் தேங்கும் இடங்களைக் குறித்தார்கள். மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த பத்தாம் தர மாணவன் ஒருவன் வீடுகளை விட்டுவிட்டுக் கடற்கரையில் வரிசையாகப் புள்ளிகள் இட்டிருந்தான். பழுதாகிக் கரையேற்றப்பட்டு, ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் கண்ணாடியிழைத் தோணிகள் அவை. முதல் தோணிக்குள் கிண்ணத்தை விட்டு எடுத்தபோதே அது குடம்பிகளால் நிறைந்திருந்தது. அந்தக் கரை வழியாக எத்தனையோ தடவை மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கி எட்டிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு நடந்ததையே தலைமைத்துவப் பயிற்சி என்று நான் கருதுகிறேன். ஒரு தோணியின் உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார், இன்னொருவர் கடலுக்குப் போயிருந்தார். யாரிடம் அனுமதி கேட்பது, கவிழ்த்து வைக்க ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்று பிள்ளைகளே விவாதித்து, மீனவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வெப்பமான காலநிலையில் முட்டை முழு நுளம்பாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். கொள்கலனின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகளோ, நீரை ஊற்றிவிட்டாலும் மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரந்தோறும் போக வேண்டும். ஒருநாள் சிரமதானத்துக்கு வருபவர்கள் பலர். நான்காவது சனிக்கிழமையும், மழையில், தும்போடு யார் வருகிறார் என்பதைப் பிள்ளைகள் தாங்களே பட்டியலிட்டுக் கவனித்தார்கள்.

நுளம்பு பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர வாய்ப்பிருப்பதால், நான் படலையைத் திறந்ததுமே சிலர் கலவரமடைவார்கள். ஒன்பதாம் தர மாணவி ஒருத்தி போன வீட்டில், “எங்கட வீட்ட அதெல்லாம் இல்ல மகள்” என்று ஓர் அம்மா சொல்ல, அவள் வாதாடாமல் பூச்சாடித் தட்டின் நீரைச் சிறு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்துக்கு உயர்த்தி, “இது நெளியுதே புள்ள!” என்றார். “ஓம் மாமி, ரெண்டு மூணு நாளில பறக்கும்.” அந்த அம்மா தாமாகவே கிணற்றடிக்கு எங்களை அழைத்துச் சென்றார். தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒரு பிள்ளைக்குத் திறக்கும் கதவு எனக்குத் திறப்பதில்லை.

ஆனால் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பது, பாதுகாப்புப் பொறுப்பையும் அவர்கள் தலையில் ஏற்றுவதாகிவிடக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர் சட்டப்படி சிறுவர். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் களத்துக்கு வரக்கூடாது. தனியாக எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. பொழுது சாய்வதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ள நீரிலோ வாவியிலோ இறங்கும் எந்த வேலையும் பிள்ளைகளுக்குரியதல்ல. அதற்கு 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கம் இருக்கிறது. பயிற்சி அளிக்கும் இளைஞர்களும் இளையவர்களே என்பதால், எந்தப் பிள்ளையோடும் தனிப்பட்ட முறையில் குறுஞ்செய்தி பரிமாறுவதில்லை என்ற விதி அவர்களுக்கும் வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதங்களுக்கு முன் பிள்ளையைப் பட்டியலிலிருந்து விடுவித்தால், பெற்றோரின் மனத்தாங்கலில் பாதி குறைந்துவிடும்.

தவறும் நேர்ந்தது. குடம்பி இருந்த ஒரு வீட்டின் முற்றத்தைப் படமெடுத்து ஒரு மாணவன் முகநூலில் போட்டுவிட்டான். அந்த வீட்டார் ஒழுங்கையில் தலைகாட்டக் கூசினார்கள். நான் கண்டிக்கத் தயாராக இருந்தபோது, இணைப்பாளர் படத்தை நீக்கச் செய்து, அவனோடு தாமும் அந்த வீட்டுக்குப் போய், திண்ணையில் அமர்ந்து மன்னிப்புக் கேட்கச் செய்தார். அடுத்த கூட்டத்தில் பிள்ளைகள் தாங்களே ஒரு விதி எழுதினார்கள். கொள்கலனைப் படமெடுக்கலாம், வீடு தெரியக் கூடாது. எங்கள் பணிமனைச் சகபாடிகளுக்கும் அதே விதியை நான் சொல்லிவருகிறேன்.

கடற்கரையில் முதல் புள்ளிகளை இட்ட அந்த மாணவன் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். இந்த ஒக்டோபர் கூட்டத்தில் அவன் தன் தோணிக் கொப்பியை, போத்தலைக் கொடுத்த அந்த மாணவியிடம் ஒப்படைத்தான். அவள் முதல் பக்கத்தைத் திறந்து உரக்க வாசித்தாள்: “மூன்றாவது தோணி. வெள்ளிக்கிழமை வரை ஆள் கடலில். சனி காலை ஏழு மணிக்கு முன் போனால் பிடிக்கலாம்.”