நம்பர் பிளேட் தெரிகிறது, சைக்கிள்காரர் தெரிகிறாரா?

லண்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா. 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைக் கடகடவென்று வாசிக்கிறார். அப்புறம் எதற்கு டிவிஎல்ஏ (பிரிட்டனில் ஓட்டுநர் லைசென்ஸ் தரும் அரசு அலுவலகம்) இன்னொரு டெஸ்டுக்கு வரச் சொல்கிறது?”

நம்பர் பிளேட்டை வாசிப்பது நடுப்பார்வையின் வேலை. கிளாக்கோமா பெரும்பாலும் கை வைப்பது சுற்றுப்பார்வையில். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். கண்ணுக்குள் அழுத்தம் கூடுவது முக்கியக் காரணம். அழுத்தம் சரியாக இருப்பவர்களுக்கும் வருவதுண்டு. போன இழை திரும்பாது. கண்ணில் தேன் விடச் சொல்லும் வாட்ஸப் வைத்தியர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

சரி, இழை போனால் அங்கே கறுப்பாகத் தெரிய வேண்டுமே? இங்கேதான் வேடிக்கை. இரண்டு கட்டைவிரல்களையும் கை நீட்டி ஒட்டிப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடது விரலையே பாருங்கள். வலது விரலை மட்டும் மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகப் போனதும் விரல் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. ஆனால் அங்கே கறுப்பு வட்டம் தெரிந்ததா? விரலுக்குப் பின்னாலுள்ள சுவர்தான் தெரிந்திருக்கும். கிழிந்த சட்டைக்கு அதே நிறத் துணியில் ஒட்டுப் போடும் தையல்காரர்போல, சுற்றிலும் இருப்பதை வைத்து மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. பிறந்ததிலிருந்து இந்த ஓட்டையோடுதான் திரிகிறோம்!

கிளாக்கோமாவின் ஓட்டைகளையும் மூளை இப்படித்தான் மூடுகிறது. லண்டனில் பார்வை ஆய்வாளர் டேவிட் கிராப் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 50 நோயாளிகளிடம் படங்களைக் காட்டி, தங்கள் பார்வை எதைப்போல இருக்கிறது என்று கேட்டார்கள். விளம்பரங்களில் வரும் கறுப்புச் சுரங்கப் படத்தை ஒருவர்கூடத் தொடவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் சில இடங்கள் மங்கலான படத்தைக் காட்டினார்கள். கால்வாசிப் பேர் எந்தக் குறையையும் உணரவேயில்லை. இடப்பக்கச் சந்திலிருந்து வரும் சைக்கிள்காரர் இருக்க வேண்டிய இடத்தில், சுத்தமான சாலை தெரிந்தால் யார் பிரேக் போடுவார்கள்?

அதனால்தான் டிவிஎல்ஏ கேட்கும் அந்த இன்னொரு டெஸ்ட், சுற்றுப்பார்வையை அளக்கும் எஸ்டர்மன் சோதனை. ஒரு கண்ணின் ஓட்டையை மறு கண் ஈடுகட்டக்கூடும் என்பதால் இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே செய்வார்கள். 120 இடங்களில் ஒளிப்புள்ளி மின்னும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். கார் ஓட்ட, பார்வையின் அகலம் கிடைமட்டமாகக் குறைந்தது 120 பாகை வேண்டும், நடுவிலிருந்து இருபுறமும் 50 பாகையாவது. நடுவிலிருந்து 20 பாகைக்குள் அடுத்தடுத்து நான்கு புள்ளிகள் விட்டுப்போனால் சிக்கல்.

இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா என்றால் ஓட்டுநரே டிவிஎல்ஏவுக்குச் சொல்ல வேண்டும் என்பது பிரிட்டன் சட்டம். சொல்லாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். மருத்துவர் சொல்லித் தெரிந்தவர் சொல்வார். மூளை மறைத்துவைத்திருப்பதை, கண் பரிசோதனைக்கே போகாதவர் எப்படிச் சொல்வார்? எழுபதுக்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது இந்த எஸ்டர்மன் சோதனையைக் கட்டாயமாக்கலாம் என்பது என் கட்சி.

அப்பாவிடம் சொல்லுங்கள்: வழக்கமாக வண்டி ஓட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாம். புள்ளியைத் தேடி அலையாமல் நடுவிளக்கையே பார்க்கட்டும். பயத்தில் சும்மா சும்மா பட்டனை அமுக்க வேண்டாம்; பொய் அமுக்கல் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சோதனையே செல்லாது.