மலிவுப் பண்பாடா, கட்டுப்படியாகும் கலையா?

பிரிட்டனின் பல ஊர்களில் நகர நடுவில் இருக்கும் கடைத்தெருக்கள் காற்று வாங்குகின்றன. 2009 தொடக்கத்தில் ஊல்வொர்த்ஸ் நிறுவனம் தன் 800 சொச்சம் கடைகளை மூடியது. 2016இல் பிஎச்எஸ், 2021இல் டெபனம்ஸ் என்று மற்ற பெரிய கடைத்தொடர்களும் மூடின. ஆள் நடமாட்டத்தை மீட்க உள்ளூர் கவுன்சில்கள் கலையின் கையைப் பிடித்திருக்கின்றன. பழைய அரங்கைச் செப்பனிடுவது, காலிக் கடையை ஓவியக்கூடமாக்குவது, குறைந்த கட்டணத்தில் நாடகம் போடுவது என்று வேலை நடக்கிறது. இதைப் பற்றிய அறிக்கைகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘அஃபோர்டபிள் கல்ச்சர்’ (affordable culture) என்ற தொடர் வந்ததும், கை தானாகப் போனதுபோல், ‘மலிவு விலைப் பண்பாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். பண்பாட்டுக்கு விலையே வைக்க முடியாது என்று வாழ்ந்த மொழியில் அதற்கு மலிவு விலை வேறு.

‘அஃபோர்ட்’ பழைய ஆங்கிலச் சொல். ‘முன்னே கொண்டுசெல், செய்துமுடி’ என்பது பழைய பொருள். இலத்தீன் வாடை அடிக்கட்டும் என்று பிற்காலத்தார் அதில் ஓர் எழுத்தை இரட்டித்துவிட்டார்கள். செய்துமுடிக்க இயலும் என்பது மெல்லச் செலவைத் தாங்க இயலும் என்றாயிற்று. ‘அஃபோர்டபிள்’ என்ற பெயரடை அதிலிருந்து பிறந்தது. நமக்கு வேண்டியது இவ்வளவே: அந்தச் சொல் வாங்குபவரின் இயலுமையைப் பேசுகிறது, பொருளின் விலை எங்கே நிற்கிறது என்பதையல்ல.

மலிவு அப்படியல்ல. ‘மலி’ என்றால் நிறை, பெருகு. பெரியபுராணத்தின் முதற்பாட்டில் வரும் ‘நீர்மலி வேணியன்’ நீர் நிறைந்த சடையை உடையவன். பொருள் சந்தையில் நிறைந்து கிடந்தால் விலை இறங்கும், அதனால் மலிவு. நல்ல சொல்தான். ஆனால் அது பொருளைப் பற்றிய சொல். போதாததற்கு, இன்று ‘மலிவான விளம்பரம்’, ‘மலிவான ரசனை’ என்றால் தரம் கெட்டது என்றே கேட்பவர் காதில் விழுகிறது. இந்தப் பொருள் ஆங்கிலத்தின் நிழலில் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். ஒட்டியது ஒட்டியதுதான், இனிச் சுரண்ட முடியாது.

‘மலிவுப் பதிப்பு என்று சொல்லவில்லையா, அதில் என்ன இழிவு?’ என்று கேட்பவர்கள் உண்டு. இழிவே இல்லை. அங்கே அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே பொருளையே மாற்றுகிறார்கள். தாள் மெலிகிறது, அட்டை எளிதாகிறது, அச்சடிக்கும் படிகள் கூடுகின்றன. மலிவு என்பதன் இரண்டு பொருளும், நிறைவும் விலைக்குறைவும், அதில் உண்டு. மேடை நாடகத்துக்கு மெல்லிய தாள் ஏது? பத்துப் பேர் நடிக்க வேண்டியதை ஐந்து பேர் நடித்தால் அது வேறு நாடகம். கட்டணம் குறைந்த நிகழ்ச்சியிலும் விளக்கு எரிய வேண்டும், நடிகருக்குச் சம்பளம் போக வேண்டும். செலவு அப்படியே நிற்க, பார்வையாளர் தலையில் விழும் பங்கு மட்டும் குறைகிறது. மீதியை யாரோ சுமக்கிறார்கள்.

யார் சுமப்பது என்பதற்குப் பிரிட்டனில் நீண்ட வரலாறு உண்டு. 1850ஆம் ஆண்டு நூலகச் சட்டம் உள்ளூர் வரியிலிருந்து நூலகம் நடத்த வழி செய்தது. 1948ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், வரிமதிப்பில் பவுண்டுக்கு 6 பென்ஸ் வரை வசூலித்துக் கேளிக்கைக்குச் செலவிடலாம் என்றது. பொது வரியில் நடப்பதை மலிவு என்று சொன்னால் அந்த வரி கட்டியவரே கோபித்துக்கொள்வார்.

வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் ஊரின் ஆர்க் அரங்கு 2015இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. முதலில் நாடகத்தைப் பாருங்கள், பிறகு எவ்வளவு கொடுப்பதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். இதில் மலிவு எங்கே இருக்கிறது? ஒருவர் ஐந்து பவுண்டு தருவார், அடுத்தவர் இருபது தருவார். விலையே முன்கூட்டி இல்லை. ஆனால் இருவருக்கும் கட்டுப்படியாகிறது.

அதுதான் நம் சொல். ‘இந்த விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று வாங்குபவர் சொல்வார். ‘இதற்குக் கீழே இறங்கினால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது’ என்று விற்பவரும் அதே சொல்லைச் சொல்வார். பேரத்தின் இரு கரையிலும் நிற்கும் சொல் இது. பார்வையாளருக்கும் அரங்குக்கும் ஒருசேரத் தாக்குப்பிடிக்க வேண்டிய விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது?

இதை விட்டுவிட்டு ‘வாங்கத்தகு’, ‘தாங்கத்தகு’ என்று புதிதாக வார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஏபிள்’ என்று முடிந்தால் தமிழில் ‘தகு’ ஒட்டியாக வேண்டும் என்று யார் விதித்தது? ‘வாங்கத்தகு பண்பாடு’ என்றால் பண்பாட்டைக் கடையில் வைத்து விற்பது போலிருக்கிறது. ‘தாங்கத்தகு கலை’ என்றால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளக்கூடிய கலை (சில நிகழ்ச்சிகளுக்கு அது பொருந்தவும் செய்யும்). கட்டுப்படி பேச்சுவழக்கு, அறிக்கைக்கு ஆகாது என்பதும் ஒரு வாதம். அறிக்கையைப் படிக்கப்போகிறவர் பேசும் வழக்கு அதுதானே? ஒன்று மட்டும் கவனம்: ‘ஆகும்’ என்பதை விட்டுவிட்டு ‘கட்டுப்படும் கலை’ என்று எழுதினால் சொன்னதைக் கேட்டு அடங்கிப்போகும் கலையாகிவிடும்.

கலை என்றே எழுதுகிறேன், பண்பாடு என்றல்ல. கவுன்சில் பேசுவது நாடகம், நூலகம், அருங்காட்சியகம், தெருவிழா பற்றி. ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்ற கலித்தொகை அடி சொல்லும் ஒழுக்கத்துக்கு எந்தக் கவுன்சிலும் நுழைவுச்சீட்டு அச்சடிப்பதில்லை.

இதே அறிக்கைகளில், நொடித்துப்போன ஊர்ப்பகுதியைத் தூக்கி நிறுத்துவதைக் குறிக்கும் ‘ரீஜெனரேஷன்’ (regeneration) படும் பாடு தனி. ‘நகர மைய மீளுருவாக்கம்’ என்கிறார்கள். உயிரியல் பாடநூல்கள் இதே சொல்லை ‘இழப்பு மீட்டல்’ என்று தமிழாக்கியிருக்கின்றன. பல்லிக்கு அழகான சொல்: அறுந்த வாலின் இடத்தில் வாலே முளைக்கிறது. ஊல்வொர்த்ஸ் போன இடத்தில் ஊல்வொர்த்ஸ் முளைக்கவில்லை. அதே ஸ்டாக்டனில் காசில்கேட் வணிக வளாகத்தைக் கவுன்சிலே விலைக்கு வாங்கி, இடித்து, ஆற்றை ஒட்டிப் பூங்கா அமைக்க முனைந்தது. நெடுங்காலம் பூட்டிக்கிடந்த குளோப் அரங்கு 2021இல் திறந்தது. இதில் அரங்கு மீண்டது, வளாகம் மீளவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘மீள்’ போதாது, ‘புத்துயிர்’ வேண்டும். ‘நகர மையம்’ என்பதையும் வட்டத்துக்கு நடுப்புள்ளி வைப்பவர்களிடமே விட்டுவிட்டுக் ‘கடைத்தெருவுக்குப் புத்துயிர்’ என்று எழுதினால் தலைப்பிலேயே விஷயம் விளங்கும்.

ஓரிடத்தில் மட்டும் நான் தமிழாக்கமே செய்யமாட்டேன். இங்கிலாந்தின் வீட்டுவசதித் திட்டங்களில் ‘அஃபோர்டபிள் ரென்ட்’ என்று 2011 முதல் ஒரு வகை இருக்கிறது. சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை அதில் வாங்கலாம். லண்டன் போன்ற இடத்தில் அந்த 80 விழுக்காடும் பலருக்கு எட்டாத உயரம். அதைக் கட்டுப்படியாகும் வாடகை என்று எழுதினால் பொய். மலிவு வாடகை என்றால் இன்னும் பெரிய பொய். ‘அஃபோர்டபிள் வாடகை என அழைக்கப்படும், சந்தை மதிப்பில் 80 விழுக்காடு வரையிலான வாடகை’ என்று நீட்டி எழுதுவதே வழி.