தண்ணீர் கறுத்தால் என்ன அர்த்தம்?

குடத்துத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை, ருசியும் நன்றாக இருக்கிறது. அதில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. வயிற்றுப்போக்கையும் டைஃபாய்டையும் கொண்டுவரும் கிருமிகள் கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படுவதில்லை.

ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்றால், அங்கேதான் சிக்கல். கிருமிப் பரிசோதனைக்கான தண்ணீரைக் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கூடுமானவரை 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நேரம் போகப் போகச் சில கிருமிகள் செத்துப்போகும், சில பெருகும். முடிவு நிஜத்தைக் காட்டாது. ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வரும் மலையூரில் இது நடக்கிற காரியமா?

1982-ல் மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்ன கருவி இவ்வளவுதான்: ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் மருந்தில் ஊறவைத்து உலர்த்திய ஒரு துண்டுக் காகிதம். எச்-டூ-எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு வாயு) குப்பி என்று இன்று பல நாடுகளில் புழங்குவது இதுதான். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு வரும் நீர்ப் பரிசோதனைப் பெட்டிகளிலும் இதைப் பார்க்கலாம்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது? முதலில் பெப்டோன், அதாவது பாதி செரித்த புரதம். பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. அடுத்து சோடியம் தயோசல்ஃபேட் என்ற கந்தக உப்பு. இது இரண்டு வேலை பார்க்கிறது: பாக்டீரியாவுக்குக் கந்தகம் தருகிறது, தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினையும் செயலிழக்க வைக்கிறது. இல்லையென்றால் குளோரின் குப்பிக்குள்ளும் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். மூன்றாவது, ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் என்ற இரும்பு உப்பு. இவற்றோடு, அமில நிலை சட்டென்று மாறாமலிருக்க ஒரு பாஸ்பேட் உப்பும், வேண்டாத சில பாக்டீரியாக்களை அடக்கக் கொஞ்சம் சோப்புத் திரவமும்.

குழாயைத் திறந்து சிறிது நேரம் ஓடவிட்டு, குப்பியின் உள்விளிம்பில் விரல் படாமல் கோடு வரை, சுமார் 20 மில்லி, பிடித்து மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீர் லேசாக மஞ்சள் பழுப்பாகும். அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். பிறகு 30 முதல் 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் சமையலறை அலமாரியே போதும். மார்கழிக் குளிரில் குப்பியைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டால் உடல் சூடே வேலையைச் செய்துவிடும்.

மனிதக் குடலிலும் விலங்குக் குடலிலும் வாழும் சால்மொனெல்லா, சிட்ரோபாக்டர், கிளாஸ்ட்ரிடியம் போன்றவை கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும்; அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்பைடு, கன்னங்கரேலென்று. சாக்கடைச் சேறு கறுப்பாக இருப்பதற்கும் இதே வேதிப்பொருள்தான் முக்கியக் காரணம். குப்பி கறுத்தால் தண்ணீரில் கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடிநீர்த் தரத்தின் உலக அளவுகோல் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் ஈ.கோலை பெரும்பாலும் இந்த வாயுவை உண்டாக்குவதே இல்லை! குப்பி அதன் கூட்டாளிகளைத்தான் பிடிக்கிறது. அதனால் தவறும் நேரும். சில ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் இயற்கையாகவே சல்பைடு இருக்கும். கழிவே இல்லாமல் குப்பி கறுத்துவிடும். ஒரு மணி நேரத்திலேயே கறுத்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கிருமி பெருக அதைவிட நேரம் பிடிக்கும். இந்தத் தவறை என்னால் மன்னிக்க முடிகிறது: நல்ல தண்ணீரை வீணாகக் கொதிக்க வைத்தால் நஷ்டம் விறகு மட்டும்தான்.

மாறாக, கறுக்காத குப்பியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பதுதான் ஆபத்து. 20 மில்லியில் அகப்படாத கிருமி 100 மில்லியில் இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு உப்பைப் பற்றி இந்தக் குப்பி ஒரு வார்த்தையும் பேசாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது. எவ்வளவு கிருமி என்றும் சொல்லாது. அதைச் சொல்ல இப்போது ஐந்து அறை கொண்ட பிளாஸ்டிக் பை வந்திருக்கிறது. 100 மில்லித் தண்ணீர் வெவ்வேறு அளவாக அறைகளில் பிரிந்து நிற்கும். எந்தெந்த அறை நிறம் மாறியது என்பதை அட்டவணையில் பார்த்து, ஈ.கோலை எத்தனை இருக்கும் என்று கணக்கிடலாம். நல்ல கருவிதான், ஆனால் விலை கூடுதல்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பரிசோதனைகளைச் செய்யப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. பெட்டி பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவில் தூங்காமல் இருந்தால் சரி. சோதிக்கும்போது மேல்நிலைத் தொட்டித் தண்ணீர், தெருக்குழாய், வீட்டுக் குடம் மூன்றிலும் ஒவ்வொரு குப்பி பிடிப்பது நல்லது. தொட்டியும் குழாயும் தெளிந்திருந்து குடம் மட்டும் கறுத்தால், பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் கூடுதலாகக் கொட்டிப் பயனில்லை. குடத்துக்குள் கையை விட்டு மொள்ளும் சொம்பைத்தான் மாற்ற வேண்டும்.

கறுத்த குப்பிக்குள் இப்போது கோடிக்கணக்கில் கிருமிகள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றி அரை மணி நேரமாவது விட்டு, பிறகு கழிப்பறையில் கொட்ட வேண்டும். குப்பியைக் கழுவி ஊறுகாய் போட்டு வைக்கிற வேலை வேண்டாம்.