உள்பக்கப் பின்சக்கரத்தின் கணக்கு: குவாட் பைக்கின் உயரமும் பிடிமானமும்

வளைவில் திரும்பும் எந்த வண்டியிலும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் என்றால், முழு வட்டத்துக்கு 6.28 மீட்டர் கூடுதல். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது. காரில் இதை டிஃபரன்ஷியல் எனும் பல்சக்கரத் தொகுதி, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு, பார்த்துக்கொள்கிறது. குவாட் பைக் என்பது ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாலுசக்கர மண்பாதை வண்டி. யமஹா ஒய்எஃப்இசட்450ஆர், ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் போன்ற ஸ்போர்ட் குவாட்களில் டிஃபரன்ஷியலே கிடையாது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் பூட்டப்பட்டு, செயினால் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஆகவே திரும்பும்போது ஏதாவது ஒரு டயர் சறுக்கித்தான் ஆக வேண்டும். இரண்டும் முழு எடையோடு தரையைக் கவ்விக்கொண்டிருந்தால், ஆக்சில் வண்டியை நேராகவே தள்ளும். ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் வழுக்கி வெளியே ஓடும்.

சரி, உள்பக்கப் பின்சக்கரத்தின் எடையைக் குறைப்பது யார்? வண்டியின் அமைப்பே அதைச் செய்கிறது. பின் ஆக்சிலைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் மட்டுமே அசையும். நடுவில் ஒற்றை ஷாக் (ஸ்பிரிங்கோடு கூடிய அதிர்வுதாங்கி). வளைவில் வண்டியின் சட்டம் (ஃபிரேம்) பக்கவாட்டில் சாயப் பார்க்கும்போது பின்பக்கம் ஸ்பிரிங் இடம் கொடுக்காது, டயரின் மெத்தென்ற பக்கச்சுவர் மட்டுமே கொஞ்சம் நெளியும். முன்னால் அப்படியில்லை: ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஏ-ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் ‘A’ வடிவக் கை), தனி ஷாக். அதனால் சாய்வின் சுமையில் பெரும்பகுதி பின் ஆக்சில் மீதே விழுகிறது. உள்பக்கப் பின்சக்கரம்தான் முதலில் லேசாகிறது. டிஃபரன்ஷியல் செய்ய வேண்டிய வேலையை இந்த லேசாதல் செய்துகொடுக்கிறது.

ஆனால் அளவோடு. டயர் மீது எடை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். எல்லா எடையையும் ஒரு டயரில் ஏற்றினால் ஆக்சிலின் மொத்தப் பிடிமானம் குறைகிறது. இன்னும் மிஞ்சினால் வண்டி கவிழும். உயரத்தைச் சரிசெய்வது என்பது உள்சக்கரம் லேசாகாமல் போவதற்கும் அளவுக்கு மீறி லேசாவதற்கும் நடுவே ஓர் இடம் பிடிப்பதுதான்.

எண்களில் பார்ப்போம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 260 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ., இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பின் 0.6 மடங்கு விசையோடு திரும்பினால் சுமார் 94 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். உள்பக்கத்துக்கு இருந்த 130 கிலோவில் மிச்சம் 36. வண்டியை 25 மி.மீ. தாழ்த்தினால் கிட்டத்தட்ட 4 கிலோ திரும்பக் கிடைக்கும். சக்கர இடைவெளியை 10 செ.மீ. அகலப்படுத்தினால் 9 கிலோ. 75 கிலோ ஓட்டுநர் தன் உடலை 20 செ.மீ. உள்பக்கம் நகர்த்தினால் 15 கிலோ, அதுவும் செலவில்லாமல்! நீளமான ஆக்சிலுக்கும் புது ஷாக்குக்கும் பணம் எடுத்து வைக்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

முன்பின் உயர வித்தியாசம் இன்னும் நுணுக்கமானது. சக்கரத் தளம் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி) 1270 மி.மீ. உள்ள வண்டியில் முன்பக்கத்தை மட்டும் 25 மி.மீ. தாழ்த்தினால் சட்டம் 1 டிகிரிக்குச் சற்று மேல் முன்னோக்கிச் சாயும். காஸ்டர் கோணமும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) அந்த அளவுக்குக் குறையும். ஹேண்டில் சட்டென்று திரும்பும், நேர்ப்பாதையில் படபடக்கும். பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் துள்ளும். முன்பக்கம் மிக உயர்ந்தாலோ வளைவின் நுழைவில் முன் டயர்கள் பிடிக்காமல் வெளியே தள்ளும்.

பின்பக்க உயரம் ஸ்விங் ஆர்மின் சரிவை மாற்றுகிறது. ஆர்ம் ஆக்சிலை நோக்கிக் கீழே சரிந்திருந்தால், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது டயரின் முன்னோக்கிய உந்தல் சட்டத்தை மேலே தூக்கப் பார்க்கும், பின்பக்கம் அமுங்காது. சரிவு போதாவிட்டால் பின்பக்கம் குந்தி, முன்பக்கம் லேசாகி, வளைவின் வெளியேற்றத்தில் வண்டி ஹேண்டில் சொல்வதைக் கேட்காது. சரிவு அதிகமானால் ஆக்சிலேட்டர் அழுத்திய நிலையில் பின்பக்கம் விறைத்துவிடும், மேடுபள்ளத்தில் டயர் தரையைத் தொட்டுத் தொட்டுத் துள்ளும்.

அளக்கும் முறை எளிது. பொறுமைதான் வேண்டும். முதலில் டயர் காற்று. ஸ்போர்ட் குவாட்களுக்கு இது 4 முதல் 6 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும், கார் டயருக்கான கேஜில் இதைத் துல்லியமாகப் படிக்க முடியாது. குறைந்த அழுத்தக் கேஜ் வாங்குங்கள். பெட்ரோல் பாதி டேங்க், சமதளக் கான்கிரீட் தரை, ஓட்டுநர் ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் ஓட்டும் நிலையில். வண்டியை நாலு முறை அமுக்கிவிட்டு, முன்சக்கரங்களை ஒட்டிச் சட்டத்தின் அடிக்குழாயிலிருந்தும் ஸ்விங் ஆர்ம் கீலை ஒட்டிய இடத்திலிருந்தும் தரை வரை அளக்க வேண்டும். மோட்டோகிராஸ் (மேடுகள் தாண்டும் மண்பாதைப் பந்தயம்) பாதைக்கு, முன்பக்கம் பின்பக்கத்தைவிட 6 மி.மீ. அளவுக்கு உயரமாக வைத்துத் தொடங்குவது வசதி. ஓட்டுநர் ஏறியதும் ஷாக் தன் மொத்த நகர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமிழ்ந்திருக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்க அந்த அமிழ்வு தேவை.

ஷாக் மேலிருக்கும் காலரை (ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் மரை வளையம்) திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற நம்பிக்கை பரவலானது, தவறானது. சீரான சுருளுள்ள ஸ்பிரிங்கில் காலர் உயரத்தைத்தான் மாற்றும்; கடினம் அதே. ஓட்டுநரோடு உயரம் சரியாக வந்து, அவர் இறங்கியதும் வண்டி துளியும் அமிழாமல் நின்றால் ஸ்பிரிங் மிக மென்மை. உயரம் வரவைக்கக் காலரை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். வெறும் வண்டியே நிறைய அமிழ்ந்தால் ஸ்பிரிங் மிகக் கடினம். இரண்டுக்குமே மருந்து வேறு ஸ்பிரிங். முன்பக்க இரு காலர்களையும் மரை எண்ணிச் சமப்படுத்தாமல், ஸ்பிரிங் நீளத்தை அளந்து சமப்படுத்துங்கள்.

உயரம் மாறினால் முன்சக்கரங்களின் கேம்பரும் (பக்கச்சாய்வு) டோவும் (முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது) மாறும். எனவே அலைன்மென்ட் கடைசியில். டயரின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பைவிட 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்கலாம், கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

அதன் பிறகே டேம்பிங், அதாவது ஷாக் அசையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. ரீபவுண்டை (சுருங்கிய ஷாக் திரும்ப விரிவதை) மிக மெதுவாக்கினால் தொடர் மேடுகளில் ஷாக் விரிய நேரமின்றி அடுத்தடுத்துச் சுருங்கி, வண்டி தானாகவே தாழ்ந்துகொண்டே போகும். கொட்டகையில் அளந்த உயரம் பாதையில் இருக்காது! மிக வேகமாக்கினால் பின்பக்கம் உதைக்கும். ஒரு நேரத்தில் ஒரே திருகு, இரண்டு கிளிக்.

பண்ணை வேலைக் குவாட்கள் வேறு உலகம். பலவற்றில் பின்னாலும் தனித்தனி சஸ்பென்ஷன். சேற்றுக்காக லிஃப்ட் கிட் போட்டு 5 செ.மீ. உயர்த்துபவர்கள் உண்டு. அடியில் இடைவெளி கிடைக்கும். அதோடு சக்கர அச்சுக்களை வளைந்தபடியே சுழலவிடும் சிவி ஜாயிண்ட் மூட்டுகளின் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும், ஈர்ப்பு மையமும் ஏறும். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் விற்கும் புதிய பொதுப்பயன் குவாட்கள் பக்கவாட்டில் குறைந்தது 28.81 டிகிரி சாய்வு வரை கவிழாமல் நிற்க வேண்டும். ஈர்ப்பு மைய உயரத்தில் 0.55 பங்காவது பாதிச் சக்கர இடைவெளி இருக்க வேண்டும் என்பதே அந்த விசித்திரமான எண்ணின் பொருள். விளிம்பில் தேறிய வண்டியில் லிஃப்ட் கிட் ஏறினால் அந்த விகிதம் அன்றைக்கே உடைந்துவிடும்.