வீல் நட்டை முடுக்க மறந்த அன்று

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டு வாசலிலேயே காரின் முன்சக்கர பிரேக் பேடை மாற்றினேன். சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நான்கு நட்டுகளையும் கையால் சுற்றி, ஸ்பானரால் லேசாக ஒரு பிடி பிடித்துவிட்டு ஜாக்கியை இறக்கினேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து ஜாக்கியையும் ஸ்பானரையும் டிக்கியில் எடுத்து வைத்தேன். வீல் கேப்பை அழுத்தி மாட்டினேன். கையைக் கழுவிவிட்டேன்.

மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு மேலூர் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். "என்னப்பா, கீழே ஏதோ தட்டுதே?" என்றார் அம்மா. உண்மைதான். டக், டக் என்று சீராக ஒரு சத்தம். வேகம் கூடினால் தட்டலும் கூடியது, குறைந்தால் குறைந்தது. மேடு பள்ளத்தில் வருகிற சத்தம் அப்படி இருக்காது. இது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற சத்தம். ஓரங்கட்டி நிறுத்தி, கேப்பைக் கழற்றினேன். ஒரு நட்டு கேப்புக்குள்ளேயே விழுந்து கிடந்தது. மற்ற மூன்றையும் இரண்டு விரலால் சுற்ற முடிந்தது. நட்டு உட்காரும் துளைகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய இரும்புப் பொடி படிந்திருந்தது. நட்டு ஏறும் கம்பியான ஸ்டட்டின் மரை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கண்ணாடி போல மின்னியது. வீட்டிலிருந்து அதுவரை 22 கிலோமீட்டர்தான் வந்திருந்தோம்.

லேசாக முடுக்கிய நட்டு கொஞ்சம் தளரும், சரி. ஆனால் 22 கிலோமீட்டரில் ஒரு நட்டு முழுதாகக் கழன்று விழுமா? அதைக் கழற்றியது யார்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதற்குப் பதில் தெரிந்த பிறகு நட்டு, போல்ட்டு என்கிற சாதாரணப் பொருள்மீதே எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

நட்டை முடுக்கும்போது நாம் உண்மையில் செய்வது ஸ்டட்டை இழுத்து நீட்டுவது. இரும்பும் நீளும், ரப்பரைப் போலத்தான். அளவுதான் மிகக் குறைவு. சிறிய காரின் ஸ்டட் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதன் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தால் ஸ்டட் சுமார் 40,000 நியூட்டன் விசையோடு இழுபடும். நான்கு டன் எடையை அதன் நுனியில் கட்டித் தொங்கவிட்டது போல. அவ்வளவு இழுத்தும் அது நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் சக்கரத்தை, அது மாட்டப்படும் சுழல்தட்டான ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. நான்கு ஸ்டட்டுக்கும் சேர்த்து 16 டன் அழுத்தம்.

இந்த அழுத்தம் எதற்கு? காரின் எடை ஸ்டட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். நான்கு கம்பிகளில் சக்கரத்தை மாட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், நட்டு அது கழன்று வராமல் தடுக்கிறது என்கிற கற்பனை. சரியாக முடுக்கிய சக்கரத்தில் நடப்பது வேறு. சக்கரத்தின் முகமும் ஹப்பின் முகமும் 16 டன் அழுத்தத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள உராய்வே இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். ஆயிரம் கிலோ காரில் ஒரு சக்கரத்துக்கு வரும் சுமை 250, 300 கிலோதான். பள்ளத்தில் இறங்கினாலும் சட்டென்று பிரேக் போட்டாலும் உராய்வே பார்த்துக்கொள்ளும். ஸ்டட்டுக்குப் பக்கவாட்டில் சுமையே தெரியாது.

நட்டு முடுக்கப்படாவிட்டால் அந்த உராய்வு இல்லை. அப்போதுதான் என் கற்பனை நிஜமாகிறது: சக்கரம் ஸ்டட்டுகளில் தொங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஸ்டட்டும் மேலே போய்க் கீழே வருகிறது, சுமை அதை ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் வளைக்கிறது. சின்ன காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 550 முறை சுற்றும். எங்கள் 22 கிலோமீட்டரில் சுமார் 12,000 முறை. நாங்கள் கேட்ட டக், டக் அதுதான்.

இனி நட்டைக் கழற்றியது யார் என்பதற்கு வருவோம். மரை என்பது ஒரு தண்டைச் சுற்றிப் போட்ட சாய்தளம். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவது போல. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் அதன் சரிவு இரண்டு, இரண்டரை பாகைதான். இழுபட்ட ஸ்டட் நட்டை எப்போதும் அந்தச் சரிவில் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உராய்வு விடுவதில்லை. இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் ஏழெட்டுப் பாகை சாய்த்தால்தான் வழுக்கும், இரண்டரைக்கு நகராது. அதனால்தான் ஒரு நட்டு பல ஆண்டுகள் அப்படியே இருக்கிறது.

அதிர்வில் நட்டு கழல்கிறது என்று பொதுவாகச் சொல்வோம். எந்த அதிர்வு? இதைத் தெளிவாகச் சோதித்துக் காட்டியவர் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர். 1969-இல் வெளியான அவருடைய ஆய்வு, ஸ்டட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் அசைவுதான் நட்டைக் கழற்றுவதில் கொடியது என்று காட்டியது. அவர் அமைத்த சோதனைமுறையில்தான் இன்றும் நட்டு, வாஷர் வகைகளைப் பரிசோதிக்கிறார்கள்.

காரணத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கனமான பீரோவை அசைக்கவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் அவர்கள் அதை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போது, ஒரு குழந்தை பக்கவாட்டில் கை வைத்து அழுத்தினாலும் பீரோ அந்தப் பக்கம் ஒதுங்கும். தரையின் உராய்வு முழுவதும் முன்னோக்கிய நகர்வை எதிர்ப்பதில் செலவாகிவிட்டது. பக்கவாட்டில் தடுக்க எதுவும் மிச்சமில்லை. நட்டின் கதையும் இதேதான். சக்கரம் குறுக்கே ஒரு இம்மி நகரும்போது மரையின் உராய்வு அந்த நகர்வை எதிர்ப்பதில் தீர்ந்துபோகிறது. அந்தக் கணத்தில் இரண்டரை பாகைச் சரிவு தன் வேலையைக் காட்டிவிடும். நட்டு ஒரு துளி சுழலும். அடுத்த சுற்றில் இன்னொரு துளி. தளரத் தளரச் சக்கரம் இன்னும் அதிகமாக அசையும், அசைய அசைய நட்டு இன்னும் வேகமாகத் தளரும். ஆக, கழற்றியவர் வேறு யாருமில்லை, சாலையில் உருண்ட சக்கரமேதான்.

இன்னொன்றும் உண்டு. தளர்ந்த துளைக்குள் நட்டு உருளவும் செய்யும். வண்டி முன்னே போகும்போது இடது சக்கரத்தில் அந்த உருளல், வழக்கமான மரையைக் கழற்றும் பக்கமாக இருக்கும். பழைய லாரிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் எதிர்மரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுகும் மரை, இருந்தது இதனால்தான். அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களிலும் 1970 வாக்கில் வரை இடது பக்கம் எதிர்மரைதான். சைக்கிளின் இடது பெடலுக்கு இன்றும் எதிர்மரை இருப்பதற்குக் காரணமும் இந்த மாதிரி உருளல்தான்.

சரி, முடுக்குவதில் இவ்வளவு இருக்கிறது என்றால் மறந்தது எப்படி? இதை வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சக்கரம் தரையில் இல்லாதபோது நட்டை முழுதாக முடுக்க முடியாது, சக்கரமே சேர்ந்து சுற்றும். அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது: தூக்கிவைத்து லேசாகப் பிடிப்பது, இறக்கிய பிறகு முழுதாக முடுக்குவது. ஜாக்கி இறங்கியதுமே மனம் வேலை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. ஜெராக்ஸ் எடுத்த பிறகு அசல் தாளை இயந்திரத்திலேயே விட்டு வருவதும் இந்த வகை மறதிதான். நோக்கம் நிறைவேறிய பிறகு மிச்சமிருக்கும் கடைசிப் படிதான் அதிகம் தவறும் என்று மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்ற இரு உளவியலாளர்கள் 1997-இல் எழுதினார்கள். ஏ.டி.எம். இயந்திரங்கள் பல கார்டை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிறகு தருவது இதற்காகத்தான். பணம் கைக்கு வந்துவிட்டால் கார்டு ஞாபகம் வராது. நட்டின் விஷயத்தில் கண்ணும் உதவாது. விரலால் சுற்றிய நட்டும் முழுதாக முடுக்கிய நட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் அந்தத் தலைமுடி அளவு நீட்சிதான்.

அப்புறம் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கையும் முடுக்கிவிட்டு, மெதுவாக ஓட்டி அருகிலிருந்த பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்டட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத மாத்திடுங்க சார். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒருநாள் பட்டுனு போயிடும்" என்றார். அனுபவத்தில் சொன்னது, அறிவியலும் அதுதான். ஆயிரக்கணக்கான முறை வளைந்த இரும்பில் மரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கியிருக்கும். நான்கு ஸ்டட்டையும் மாற்றினேன். துளைகள் ஒன்றிரண்டு நீள்வட்டமாகியிருந்ததால் சக்கரத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்; நாம் குறித்த முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் ஸ்பானர் அது. காரோடு தரும் குட்டி ஸ்பானரின்மேல் ஏறி மிதித்து முடுக்குவதும் சரியில்லை: 30 சென்டிமீட்டர் ஸ்பானரில் 60 கிலோ ஆள் ஏறி நின்றால் ஏறத்தாழ 175 நியூட்டன் மீட்டர், பல சிறிய கார்களுக்குத் தேவையானதைவிட மிக அதிகம். மரையில் எண்ணெய் விடுவதும் ஆபத்து. நாம் கொடுக்கும் முறுக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு உராய்வில்தான் போகிறது, பத்துப் பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. எண்ணெய் விட்டு உராய்வைக் குறைத்தால் அதே முறுக்கில் ஸ்டட் தாங்காத அளவுக்கு இழுபட்டுவிடும். வேலை தொடங்கும்போதே கார் சாவியை டார்க் ரெஞ்சின் கைப்பிடியில் கட்டிவிடுகிறேன். அதைத் தொடாமல் வண்டியை எடுக்க முடியாது.

புதுச் சக்கரம் மாட்டி 80 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, அதே ரெஞ்சை வைத்து மறுபடி பார்த்தேன். மூன்று நட்டுகளில் கை வைத்ததும் 'டிக்' என்றது. நான்காவது சத்தம் போடுவதற்கு முன் லேசாக நகர்ந்தது. சக்கரத்தின் புது பெயின்ட் நட்டின் அடியில் நசுங்கி, ஸ்டட்டின் நீட்சியில் ஒரு பங்கைத் தின்றிருக்கிறது.