டிக் என்றால் என்ன? நாழிகையா, துடிப்பா, தவணையா?

படம் எதுவும் இல்லாமல் எழுத்தாலேயே ஆடும் இணையப் பாத்திர விளையாட்டுகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால், பல கேள்விகள் கடைசியில் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. "அடிபட்டு உட்கார்ந்திருக்கிறேன், உயிர்ப்புள்ளி ஏறவே மாட்டேன் என்கிறதே?" "இப்போதுதான் போட்ட காப்பு மந்திரம், அதற்குள் எப்படிக் குறைந்தது?" "செத்த இடத்துக்குத் திரும்பி ஓடுவதற்குள் என் பிணத்தையே காணோம், வாள் எங்கே போச்சு?" மூன்றுக்கும் பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் பதிலில் ஒரு சொல் கட்டாயம் இருக்கும்: டிக். டிக் வரட்டும், டிக் ஆகிவிட்டது, பத்து டிக் தாண்டிவிட்டது என்பார்கள். கேட்டவருக்கோ, பள்ளிக்கூட நோட்டில் சிவப்பு மையில் விழும் சரிக்குறிதான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் லேசாகத் தட்டுவது, தொடுவது. தட்டினால் எழும் சின்னச் சத்தத்துக்கும் அதுவே பெயராகி, அப்புறம் கடிகாரத்தோடு ஒட்டிக்கொண்டது. நோட்டில் போடும் சரிக்குறியும் பேனா லேசாகத் தொட்டுவிட்டுப் போவதுதான், அதே வழி. நாய் மேல் ஒட்டும் உண்ணிக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள் என்றாலும் அது வேறு சொல். கணினிக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒவ்வொரு அடியையும் டிக் என்றே சொன்னார்கள், விளையாட்டுக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

எழுத்து விளையாட்டுகளின் தொடக்கம் 1978. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் சேர்ந்து எழுதிய, பலர் ஒரே நேரத்தில் நுழைந்து ஆடக்கூடிய விளையாட்டுக்கு மட் என்று பெயர், இன்று அந்த வகைக்கே அதுதான் பெயர். ஆனால் டிக் என்ற சொல்லை ஆட்டக்காரர்களின் வாயில் ஊற வைத்தது 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஐந்து பேர் எழுதிய டிக்கு மட் என்ற விளையாட்டும் அதன் வழிவந்தவையும்தான். (டிக்குவுக்கும் டிக்குக்கும் உறவு கிடையாது. டிக்கு என்பது அவர்கள் படித்த கணினித் துறையின் டேனியப் பெயரின் சுருக்கம்.) அதிலிருந்து கிளைத்த சர்க்கிள் மட் 1993இல் வந்தது. அதன் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது, அதனால் டிக் உள்ளே என்ன செய்கிறது என்பதை ஊகம் இல்லாமல் சொல்லலாம். கீழே வரும் கணக்கு சர்க்கிள் மட் வெளியான நிலையில் இருந்தது. அவரவர் தங்கள் தளத்தில் எண்களை மாற்றிக்கொள்வது உண்டு.

விளையாட்டின் இதயம் நொடிக்குப் 10 முறை அடிக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் டிக் இல்லை, நாடித்துடிப்பைக் குறிக்கும் பல்ஸ். ஏறத்தாழ 2 நொடிக்கு ஒருமுறை சண்டையில் ஒரு சுற்று நடக்கும், இருவரும் வெட்டிக்கொள்வார்கள். 75 நொடிக்கு ஒருமுறை, அதாவது 750 துடிப்புக்கு ஒருமுறை, டிக். அந்த 75 நொடிதான் விளையாட்டு உலகத்தில் ஒரு மணி நேரம், அப்படி 24 மணி நேரம் சேர்ந்தால் ஒரு நாள், நம் கைக்கடிகாரத்தில் சரியாக அரை மணி.

டிக் விழும் அந்த ஒரு கணத்தில் வழங்கி (விளையாட்டை ஓட்டும் சர்வர்) உள்ளே இருக்கும் எல்லாரையும் ஒரே மூச்சில் சுற்றி வருகிறது. ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளியும் மந்திர வலுவும் கூடுகின்றன, பசியும் தாகமும் ஒரு படி ஏறுகின்றன, போட்டிருக்கும் மந்திரங்களின் ஆயுளில் ஒன்று கழிகிறது, பிணங்களின் ஆயுளிலும் ஒன்று கழிகிறது. இரண்டு டிக்குக்கு நடுவில் இதில் எதுவுமே நடப்பதில்லை. புதியவர் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தும் எண் அசையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சொட்டுச் சொட்டாக ஏறும் என்று அவர் எதிர்பார்க்கிறார், அது மொத்தமாக ஒரே தடவையில் ஏறுகிறது.

உயிர்ப்புள்ளி எவ்வளவு ஏறும் என்பது டிக் விழும் நேரத்தில் நீங்கள் என்ன நிலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தூங்கிக்கொண்டிருந்தால் பாதி கூடுதல், ஓய்வெடுத்தால் கால் பங்கு கூடுதல், சும்மா உட்கார்ந்திருந்தால் எட்டில் ஒரு பங்கு கூடுதல். வயிறோ தொண்டையோ முழுக்கக் காய்ந்திருந்தால் கிடைப்பது கால்வாசிதான், நஞ்சு ஏறியிருந்தாலும் அப்படியே. அதனால் "தூங்கித்தானே இருந்தேன், ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது "சாப்பிட்டீர்களா?" என்றுதான்.

இதில் பழைய ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. நிரல் பார்ப்பது டிக் விழும் கணத்தின் நிலையை மட்டும்தான், அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று அது கணக்கு வைப்பதில்லை. ஆகவே 70 நொடி ஊர் சுற்றிவிட்டு, டிக்குக்குச் சற்று முன் படுத்து, விழுந்ததும் எழுந்துவிட்டால் தூங்கியவருக்குரிய முழுப் பங்கும் கிடைத்துவிடும். சண்டைக்கு நடுவே மட்டும் இது நடக்காது, "சண்டை போடும்போது தூக்கமா, பைத்தியமா உனக்கு?" என்ற தொனியில் விளையாட்டே தடுத்துவிடும். டிக் எப்போது என்று எப்படித் தெரியும் என்றால், விளையாட்டு உலகின் மணிக்கணக்கும் டிக்கோடுதான் நகர்கிறது, எனவே கிழக்கில் சூரியன் உதிக்கிறது என்ற வரி திரையில் வந்த கணமே ஒரு டிக். அங்கிருந்து 75 எண்ணத் தொடங்கலாம். டின்டின் போன்ற இணைப்பு மென்பொருள்களில் இந்த எண்ணிக்கைக்கென்றே கட்டளைகள் உண்டு. மெர்க் என்ற கிளையைச் செய்தவர்கள் இதைத் தடுக்கவே டிக்கின் இடைவெளியை ஏறி இறங்கும்படி மாற்றினார்கள், அங்கே எண்ணிப் பயனில்லை. என்னைக் கேட்டால் எண்ண முடிகிற உலகம்தான் நன்றாக இருக்கிறது, விதியைப் படித்தவனுக்கு அது தரும் பரிசு அது.

மந்திரக் கேள்விக்கும் இதே பதில்தான். ஆயுள் டிக் கணக்கில் ஓடுவதால், டிக்குக்கு ஒரு நொடி முன் போட்ட மந்திரத்துக்கு அடுத்த நொடியே ஒன்று கழிந்துவிடும். விழுந்த உடனே போட்டால் முழு 75 நொடி லாபம். சரணாலய மந்திரம் மாதிரி நான்கே டிக் ஆயுள் கொண்ட குறுகிய மந்திரத்தில் இந்த வித்தியாசம் பெரிது, கவச மந்திரத்துக்கு 24 இருப்பதால் யாருக்கும் உறைக்காது. பிணம்? ஆட்டக்காரரின் பிணத்துக்கு 10 டிக், அசுரப் பிணத்துக்கு 5. பத்து டிக் என்றால் அதிகம் போனால் பன்னிரண்டரை நிமிடம். அது முடிந்ததும் புழுக்கள் தின்றுவிட்டதாக ஒரு வரி வரும், உள்ளே இருந்த பொருளெல்லாம் தரையில் கொட்டும், அந்தப் பக்கம் வந்த யாரும் எடுத்துக்கொள்ளலாம். வாள் போனது அப்படித்தான்.

இதுவரை சரி. குழப்பம் வருவது இந்தச் சொல் அங்கிருந்து மற்ற விளையாட்டுகளுக்குப் போன பிறகு. 1999இல் வந்த எவர்குவெஸ்டில் டிக் என்பது 6 நொடி. ரூன்ஸ்கேப்பில் 0.6 நொடி, அங்கே நடப்பது வெட்டுவது எல்லாமே அந்தத் தாளத்தில்தான். மைன்கிராஃப்டில் நொடிக்கு 20 டிக், வாலரன்ட் வழங்கியில் 128. டிக்குவின் கணக்கில் இவற்றில் கடைசி மூன்றும் பல்ஸ் வகையைச் சேர்ந்தவை. போதாததற்கு, நஞ்சோ தீயோ பிடித்தவரிடம் இத்தனை நொடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும் ஒவ்வொரு அடிக்கும் டிக் என்றே பெயர் வந்துவிட்டது. ஆக, "டிக் எவ்வளவு நேரம்?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது.

தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, வேலைக்கு ஒரு சொல்லாகப் பிரித்துவிடலாம் என்பதே என் கருத்து. வழங்கியின் அடிக்குத் துடிப்பு போதும், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மாத்திரை என்று சிலருக்குத் தோன்றலாம், "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று தொல்காப்பியம் சொல்லும் அளவு பொருத்தமானதுதான், ஆனால் இன்று மாத்திரை என்றால் மருந்துக்கடை, நொடி என்றால் செகண்ட், இரண்டுமே கைமாறிவிட்டன. நஞ்சின் அடிக்குத் தவணை என்பேன். கடன்காரன் வசூலுக்கு வருவது போல, குறித்த இடைவெளியில் வந்து குறித்த அளவைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, எத்தனை தவணை பாக்கி என்று கேட்கவும் முடிகிறது.

டிக்கு மட்டின் பெரிய டிக்குக்கு நாழிகை. உலகத்தின் பொழுதை அளப்பது, எல்லாருக்கும் பொதுவானது, விழுந்தால் அறிவிக்கப்படுவது என்று மூன்றும் அதில் இருக்கின்றன. நாழிகை வட்டிலில் நீரைக் கொண்டு பொழுதை அளந்தார்கள். முல்லைப்பாட்டில் பாசறைக்குள் வந்து, கன்னல் என்ற அந்த நீர் வட்டிலில் இவ்வளவு பொழுது ஆயிற்று என்று அரசனிடம் சொல்பவர்களைப் "பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்" என்கிறார் புலவர். சூரியன் உதிக்கிறது என்று வழங்கி எல்லாருக்கும் சொல்வதும் அந்த வேலைதான்.

நாழிகை என்றால் 24 நிமிடம் ஆயிற்றே, 75 நொடிக்கு அந்தப் பெயரா என்று ஆட்சேபிக்கலாம். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பது நம் நாளுக்கு, அங்கே நாளே அரை மணிதான். தவிர, சொல்லின் அளவு மாறுவது நமக்குப் புதிதும் இல்லை. பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாழிகைக்கு 60 விநாடி, அப்படியானால் ஒரு விநாடி 24 செகண்ட், ஆனால் இன்று வினாடி என்றால் ஒரு செகண்ட் என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம், படிப்பவருக்கும் புரிகிறது. நாழிகை முழுக்க வழக்கொழிந்த சொல்லும் இல்லை, "நாழியாச்சு, கிளம்பு" என்பது இன்னும் வீடுகளில் கேட்கிற பேச்சு. குழுவாக ஆடும்போது டிக் என்று தட்டுகிற இடத்தில் நாழி என்று தட்டினால் எழுத்து எண்ணிக்கைகூட மாறாது.

உதவிப் பக்கம் எழுதுகிறவர்கள் இப்படி எழுதிப் பார்க்கலாம்: "உயிர்ப்புள்ளி நாழிகைக்கு ஒருமுறை கூடும். ஒரு நாழிகைக்கு 75 நொடி. நாழிகை விழும்போது தூங்கிக்கொண்டிருந்தால் பாதி கூடுதல், பசியோ தாகமோ முற்றியிருந்தால் கால்வாசி மட்டும். சண்டை 2 நொடிக்கு ஒரு சுற்று. உங்கள் பிணம் 10 நாழிகை கிடக்கும், அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்."